நறுக்கிப் போட்ட இருபத்தெட்டு அடி

சிவகாசியில் டைரிகள் அச்சிடும் ஒரு கம்பெனியில் பிழை திருத்துவது என் வேலை. வீடு விருதுநகரில். காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறினால் மாலை ஆறரைக்குத் திரும்பிவிடுவேன். இந்த வேலையில் எனக்குள்ள ஒரே சலுகை, தப்பாக அச்சாகி விற்பனைக்குப் போகாமல் நின்றுவிட்ட டைரிகளில் வருஷத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது. ஆகவே என் டைரிகள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு குறை உண்டு. ஒன்றில் ஜூன் பதினெட்டு இரண்டு முறை வரும். இன்னொன்றில் பிப்ரவரிக்கு முப்பது நாள். நான்கு வருஷத்துக்கு முந்தையதில் செப்டம்பர் மாதம் முழுக்கக் கிழமைகள் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டன. முப்பது பக்கங்களிலும் சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். அந்த டைரியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதினால் கோபத்தில் ஒன்றிரண்டைக் கூட்டிச் சொல்லிவிடுவேன்.

என் மனைவி நன்றாகப் பாடுவாள். யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. ஒரு சுருதிப் பெட்டி, பிறந்த வீட்டுப் பாட்டுகள், நல்ல காது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் வளைகாப்பு, சடங்கு, நிச்சயதார்த்தம் எதுவானாலும் வெற்றிலைத் தட்டோடு இரண்டு பெண்கள் வந்து அவளைக் கூப்பிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அவள் கழுத்தில் ஒரு கழலை வளர்ந்தது. மதுரையில் பெரிய டாக்டரைப் பார்த்தோம். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, பார்த்துத்தான் அறுப்பேன், ஆனாலும் குரல் மாறினால் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டியது. என் மனைவி கேட்டாள்.

“எங்க அண்ணன்கிட்ட அந்தப் பாட்டுப் பிடிக்கிற மிசின் இருக்குல்ல?”

“இருக்கு.”

“எல்லாரும் நல்லாப் பாடுறே, நல்லாப் பாடுறேங்காக. நான் எப்படிப் பாடுதேன்னு நான் கேட்டதே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி ஒரு பாட்டப் பிடிச்சு வச்சிருங்க.”

அவள் என்னிடம் எதையும் எளிதில் கேட்கிறவள் அல்ல. அன்றைக்கே டைரியில் குறித்துக்கொண்டேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒவ்வொரு லோடும் பெட்டியில் அடைக்கப்படுவதற்கு முன்னால் அதில் பத்து வெடிகளை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் அவர். இருபது வருஷமாக இதுதான் வேலை. அவரிடம் இருப்பதே இரண்டு தீர்ப்புகள். ஒன்று, ‘கணீர்னு இருக்கு.’ மற்றொன்று, ‘நமத்துப்போச்சு.’ வெடிக்கும் சரி, மனிதர்களின் பேச்சுக்கும் சரி, சாம்பாருக்கும் சரி, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார். மலேயாவிலிருந்து திரும்பிய ஒரு சொந்தக்காரர் ஊரில் இறங்கிய கையோடு விற்ற டேப் ரிக்கார்டரை அவர் வாங்கி வைத்திருந்தார். இரண்டு தட்டுச் சுருள்களும் முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கும் உள்ள ஜெர்மன் மிசின்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. எத்தனையோ முறை சொல்லி அனுப்பியும் மச்சானுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. கடைசியில், நாங்கள் மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஆறு நாற்பதுக்குத்தான், நேராகக் கம்பெனியிலிருந்து, மிசினைக் கோணிப்பையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நகக்கண்களில் வெள்ளிப் பொடி அப்படியே மின்னியது.

கூடத்து மேசையில் மிசினை வைத்தார். வயரைச் செருகினார். சத்தம் ஏற்றும் குமிழைப் பத்தாம் எண் வரை, அதற்கு மேல் போகாத இடம் வரை, திருகினார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

“மச்சான், பத்து வரைக்கும் வைக்கணுமா? புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“புத்தகம் ஜெர்மன் பாசையில இருக்கு, மாப்ள. நானும் படிக்கல, நீங்களும் படிக்கப் போறதில்ல.” அவர் எப்போதும் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல உரக்கத்தான் பேசுவார். “அந்தப் பச்சக் கண்ணப் பாருங்க. சத்தம் ஏற ஏற அது மூடும். முழுசா மூடுனாத்தான் லோடு ஏறியிருக்குன்னு அர்த்தம். பாதி மூடுனா நமத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

மிசினைப் பற்றி நான் ஒன்றும் அறியாதவன், மிசினும் அவருடையது. ஆகவே குமிழ் பத்து என்றும், மைக்குக்கும் வாய்க்கும் இடைவெளி நான்கு விரல் என்றும், சுருள் நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் ஓடுகிறது என்றும் டைரியில் எழுதிக்கொண்டேன். ஒரு தப்பைச் சரியாகக் குறித்து வைப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை.

தன் பிறந்த வீட்டு வளைகாப்புப் பாட்டை என் மனைவி பாடினாள். ஐந்து சரணம். பச்சைக் கண் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திறக்கவே இல்லை. மச்சானுக்குப் பரம திருப்தி. பாடி முடித்ததும் போட்டுக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். கடைசிப் பஸ் போய்விடும் என்று அவர் ஓடினார். மறுநாள் காலைக்குள் எங்களுக்கும் பெட்டி கட்டி முடிக்க வேண்டியிருந்தது. மிசினை மட்டும் எங்களிடம் விட்டுப் போயிருந்தார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினோம். கழலை போய்விட்டது. டாக்டர் பயந்தது போலவே குரலும் போய்விட்டது. முற்றாகப் போகவில்லை, பாதி காற்று, பாதி குரல். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். பாட்டென்று எடுத்தால் இரண்டாவது எழுத்திலேயே உடையும். தினமும் பத்து நிமிடம், வாயை மூடியபடி, சுருதியோடு சேர்ந்து மெதுவாக முனகிப் பழகினால் ஆறு மாதத்தில் ஓரளவு தேறலாம், பழகாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு டைரியில் ஒட்டியிருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். சுருளின் முன்பகுதியில் பாட்டு இல்லை. மச்சானின் கூப்பாடு, பாத்திரச் சத்தம், தெருவில் உப்பு விற்பவரின் குரல், அண்ணன் தங்கை சண்டை, என் மனைவியின் முணுமுணுப்பு. அச்சகத்தில் கடைசி வேலை ஓரம் வெட்டுவது; ஓரம் வெட்டாத புத்தகத்தை நாங்கள் யாரிடமும் காட்டுவதில்லை. சுருளைக் கையாலேயே முன்னும் பின்னும் உருட்டி, பாட்டின் முதல் எழுத்து எழும்பும் இடத்தைப் பிடித்து, அதற்கு முந்தியதைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். ஒன்றரை நிமிடம் ஓடும் அளவு. இருபத்தெட்டு அடி. நாடாவைத் தூக்கிப்போட மனம் வராததால் ஓர் அட்டையில் சுற்றி, உறையில் போட்டு, டைரியின் பின்பக்கப் பையில் செருகினேன். உறையின் மேல் ‘வீண்’ என்று எழுதினேன்.

பாட்டைப் போட்டேன்.

என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மிசினிலிருந்து வந்ததை எப்படிச் சொல்வது? தகரத்தைத் தரையில் வைத்து இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அதற்குச் சொற்கள் முளைத்தது போல இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கிழிந்தது. குரல் மேலே போகப்போக அதோடு ஒரு குளவிக்கூட்டமும் சேர்ந்து போயிற்று.

முதல் சரணம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“யாரு இது?”

“நீதான்.”

“நானா?”

ஐந்து சரணத்தையும் முழுவதும் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போகும்போது, அந்தக் காற்றுக் குரலில் நிதானமாகச் சொன்னாள்.

“இருவது வருசமா ஊரே சேந்து என்னய ஏமாத்தியிருக்கீக. நீங்களும்தான்.”

அது மிசினின் கோளாறு என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து பழைய சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புது அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாள். “அருப்புக்கோட்ட கல்யாணத்துல நான் பாட எடுத்ததும் மாப்ள வீட்டுக்காரவுக எந்திரிச்சுக் கை கழுவப் போனாக. நான் என்ன நெனச்சேன், பசியோட வந்திருக்காகன்னு நெனச்சேன்.” சாப்பாட்டுக்கு இடையில், எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே இதைச் சொல்வாள். சுருதிப் பெட்டி துணியில் சுற்றப்பட்டு, பரணில், பழைய அம்மிக்குழவிக்குப் பக்கத்தில் போய்விட்டது. டாக்டர் சொன்ன பயிற்சியை நினைவூட்டினேன். “தகர டப்பாவுக்கு எதுக்குங்க பயிற்சி?” என்றாள்.

அதுதான் என்னை ஆட்டிவைத்தது. குரல் போனது ஒரு துக்கம். அது டாக்டரின் கையிலும் நரம்பின் கையிலும் இருந்தது. ஆனால் இல்லாத ஒரு குரலைத்தான் இத்தனை நாள் இருப்பதாக நினைத்திருந்தோம் என்று நம்பிக்கொண்டு அவள் பயிற்சியை விட்டது, என் வீட்டு மேசையில், என் கண்ணெதிரே, குமிழ் எண்ணை நானே குறித்துக்கொள்ள நடந்த தப்பு. ஆறு மாதத்தில் ஒரு மாதம் கழிந்துவிட்டது.

தீபாவளி முடிந்ததும் வந்த மச்சானிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். தலையைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

“ஆகா! கணீர்னு இருக்கே! அப்படியே உன் குரல்தாம்மா!”

அவ்வளவுதான். என் மனைவி என்னைப் பார்த்தாள். “கேட்டீகளா? எங்கண்ணன் எனக்காகப் பொய் சொல்ல மாட்டான். உண்மையச் சொல்லிட்டான்.”

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மச்சானின் வலது காதருகே ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்தேன்.

“என்ன, மாப்ள?”

“கேக்குதா?”

“என்னத்த கேக்குறது? நின்னுல்ல போச்சு. சாவி குடுக்கலையா?”

இடது காதுக்கும் கொண்டு போனேன். அங்கேயும் நின்றுதான் போயிருந்தது. கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது; நான் அன்று காலைதான் சாவி கொடுத்திருந்தேன். இருபது வருஷ வெடிச்சத்தம் இவர் காதில் மென்மையான எதையும் விட்டுவைக்கவில்லை. தனக்குக் கேட்கும் அளவுக்குத் தங்கையின் குரலை ஏற்றியிருக்கிறார். இதை நான் விளக்கியபோது மச்சான் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை வாங்கி நொடிமுள் நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவிதான் மசியவில்லை. “எங்கண்ணன் காதக் குத்தம் சொல்லி என் தொண்டைய நல்லதாக்கப் பாக்கீகளோ?” என்றாள்.

ஆகவே நாடாவைச் சுத்தப்படுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அந்த மாதப் பக்கங்களைப் புரட்டினால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. சத்தத்தை இரண்டில் வைத்துக் கேட்டேன், சின்னத் தகரம். மூன்றாம் நாள் நாடா உரசும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன், சுத்தமான தகரம். மிசினின் வாயில் தலையணையைக் கட்டினேன். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் கேட்டேன். மின்சாரம் குறைவதால் இருக்குமோ என்று, அக்கம்பக்கத்தில் மாவு மில் ஓடாத விடியற்காலையில் போட்டுப் பார்த்தேன். பால்காரர் வாசலில் நின்று, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துப் போனார். எங்கள் அச்சக மெஷின்மேன், நாடாவை ஒருநாள் வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடும் என்றார். அவரை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் செய்யவும் இல்லை.

ஒவ்வொரு முறையும் என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வேன். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். “இப்ப டப்பாக்குள்ள துணி திணிச்ச மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொல்வது ஒவ்வொரு முறையும் மிகச்சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அத்தனை நல்ல காது, தன் குரல் விஷயத்தில் மட்டும் ஒரு கெட்ட மிசினை நம்பியது.

கடைசியில் விருதுநகர் பஜாரில் ரேடியோக் கடை வைத்திருக்கும் பாயிடம் மிசினைத் தூக்கிக்கொண்டு போனேன். குறைவாகப் பேசுபவர். அவருடைய தகப்பனார் பருப்பு வியாபாரம் செய்தவர். அந்தக் கடையின் ஒரு பாதியைத்தான் மகன் ரேடியோவுக்கு மாற்றியிருந்தார். மறுபாதியில் இன்னும் தராசும் படிகளும் இருந்தன. பாய் அரை நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

“யாரு சார் பிடிச்சது?”

“என் மச்சான்.”

“பட்டாசு வேலையா?”

“எப்படித் தெரியும்?”

“இந்தப் பக்கம் எல்லாரும் இப்படித்தான் பிடிக்கிறாக. போன மாசம் ஒருத்தரு கொழந்த பேசுறதப் பிடிச்சிட்டு வந்தாரு. கேட்டா, மாடு கத்துற மாதிரி இருக்கு.”

ஒரு படியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளங்கவைத்தார். “இது எம்புட்டுப் பிடிக்கும்? ஒரு படி. நீங்க ஒண்ணரப் படி கொட்டுனீக. மேல குமிஞ்சதத் தட்டித் தள்ளிட்டாக. இந்த நாடாவும் அப்படித்தான் சார். அக்கா குரலு மேல ஏறுன எடமெல்லாம் தல தட்டிப்போச்சு. அந்த வெட்டுனதுதான் கரகரன்னு கேக்குது. சிந்துன அரிசியத் திரும்ப அள்ளிப் போடலாம். இது சிந்தவும் இல்ல, மிசினு வாங்கவே இல்ல. நான் எங்க போயி அள்ளுவேன்?”

“ஒண்ணும் செய்ய முடியாதா, பாய்?”

“கரகரப்பக் கொறைக்கலாம். கரகரப்போட குரலும் கொஞ்சம் கொறையும்.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மிசின்களை வயரால் இணைத்து, நடுவில் கரகரப்பை வடிகட்ட ஒரு கண்டென்சரைப் பற்றவைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் பதிந்தார். கண்டென்சரை மாற்றி மறுபடியும் பதிந்தார். குளவிகள் போய்விட்டன. ஆனால் இப்போது பாடுகிறவள் மூன்று கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு பாடினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். “நல்லாருக்கு,” என்றாள் என் மனைவி. “யாரு பாடுறதுன்னே தெரியல. அம்புட்டுக்கு நல்லாருக்கு.”

அன்று அவளிடம் நான் கோபமாகப் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பதை டைரியில் எழுதவில்லை. எழுதாததால் மறந்துவிடவும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு கடைக்குப் போனதும் பாய் ஓர் இடத்தில் நாடாவை நிறுத்தினார். “என்னா சார், விட மாட்டீகளா? சரி, இதக் கேளுங்க. ரெண்டாவது சரணத்துல கடைசி வார்த்த. குரலு எறங்குது பாருங்க.” போட்டார். உண்மைதான். வரியின் கடைசியில் குரல் தணியும் இடத்தில் இரண்டே இரண்டு எழுத்து, கொஞ்சமும் கிழிபடாமல், முழுசாக இருந்தது. அது அவள் குரல்தான்.

“மெல்லமா பாடுன எடம் தல தட்டல. இந்தப் பாட்டுல மெல்லமா பாடுனது வேற எங்கயாச்சும் இருக்கா?”

“இல்ல, பாய். சத்தமாப் பாடு, சத்தமாப் பாடுன்னு மச்சான் பக்கத்துலயே நின்னாரு. மைக்கும் நாலு விரல் தள்ளித்தான்.”

“தள்ளி நின்னு எதுவும் பாடலையா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், எதையும் பார்க்காமல் சொல்லக்கூடாது என்ற என் வழக்கத்தின்படி, பையிலிருந்து டைரியை எடுத்துப் பார்த்தேன். அன்றைய பக்கம். சிவப்பு மையால் திருத்திய கிழமை. குமிழ் பத்து. நான்கு விரல். அதற்கும் முந்திய வரி, என் கையெழுத்தில்: ‘மிசின் ஓட ஆரம்பித்தபின் ஒன்றரை நிமிடம் வீணாயிற்று. கந்தக மணம் தாங்காமல் அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டாள். சுருதி பார்க்கிறாள்.’

சுருதி பார்க்கிறாள். அடுக்களை வாசலில். மேசையிலிருந்து ஒன்பது அடி. என் வீட்டுக் கூடத்தின் அளவு எனக்குத் தெரியாதா? பாட்டைத் தேடி அந்த நாடாவை என் கையாலேயே உருட்டினேன். அவள் குரல் அதில் இருந்ததைக் கேட்டேன். கேட்டுவிட்டு, பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நறுக்கினேன்.

டைரியின் பின்பக்கப் பையில் உறை இருந்தது. ‘வீண்’ என்ற என் எழுத்தைப் பாய் படித்தார். அட்டையிலிருந்து நாடாவைப் பிரித்து, ஒரு காலிச் சுருளில் ஏற்றி, போட்டார். பத்து நொடி கேட்டார். நிறுத்தி, சுருளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“இத இங்கன கேக்கக்கூடாது, சார். வீட்டுல போயிப் போடுங்க.”

வீட்டுக்கு வந்தபோது மச்சான் வந்திருந்தார். தீபாவளிக்குப் பின் கம்பெனியில் வேலை மந்தம். கடிகார விஷயத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்து, தங்கையின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் மிசினை மேசையில் வைத்துச் சுருளை மாட்டினேன்.

“இன்னிக்கு என்ன, சாக்குக்குள்ள போட்டுக் கட்டியிருக்கீகளா?” என்றாள்.

முதலில் மச்சானின் கூப்பாடு. அது கிழிந்துதான் வந்தது. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் அவள் குரல், கொஞ்சம் கரகரப்போடு: “கைய எடுண்ணே. கந்தக நாத்தம் கொடலப் பிடுங்குது.” “கழுவிட்டுத்தாம்மா வந்தேன். இது தோலோட ஒட்டுனது.” காலடிச் சத்தம். ஒரு பாத்திரம் விழுந்தது. தெருவில் உப்பு வண்டி. சுருதிப் பெட்டியின் ரீங்காரம் தூரத்தில் எழுந்தது. அப்புறம், அடுக்களை வாசலிலிருந்து, யாருக்கும் பாடாமல், தனக்கு மட்டும் சுருதி பார்த்துக்கொண்டு, முதல் சரணத்தின் நாலு அடிகள்.

எதற்காகவோ அவர் பத்தில் வைத்த குமிழ் இந்த முனகலுக்குத்தான் சரியாக இருந்தது. ஒன்பது அடி தள்ளி மெல்லப் பாடியவளின் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும்கூடக் கேட்டது. வட்டமான, கொஞ்சம் கனத்த, முனையில் லேசாகத் திரும்பும் அந்தக் குரலை மூன்று மாதத்துக்குப் பிறகு நான் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை.

கீரை உருவிய கை நின்றுவிட்டது. நாடா முடிந்து, சுருளின் வால் பட் பட்டென்று அடித்துக்கொண்டே சுற்றியது. நான் நிறுத்தினேன்.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.

போட்டேன்.

மச்சான் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “போன தடவ என் கூப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கலையே, மாப்ள. ஓடுதா? சத்தத்தக் கூட்டுங்க,” என்று குமிழை நோக்கிக் கையை நீட்டினார். என் மனைவி அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

“கைய எடுண்ணே!”

மிசினுக்குள்ளும் அவள் அதையேதான் சொன்னாள், ஒரு நொடி முந்தி. ஒன்று நல்ல குரல், ஒன்று காற்றுக் குரல். மச்சான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை முடிந்ததும் என் மனைவி சொன்னாள். “மூணாவது அடியில மூச்சுப் பத்தல. பாதியில எடுத்திருக்கேன். எடுக்கக்கூடாது அங்கன.” கொஞ்சம் கழித்து, “மத்தபடி சரிதான்,” என்றாள்.

தகர டப்பாவிடம் அவள் ஒரு நாளும் மூச்சைப் பற்றிக் குறை சொன்னதில்லை. எனக்கு அது போதும் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. “இது எங்க இருந்துச்சு இத்தன நாளா?”

மறைக்க எனக்குத் தெரியாது. உறையைக் காட்டினேன். ‘வீண்’ என்ற எழுத்தை அவள் படித்தாள். “உங்க எழுத்துதான்,” என்றாள். அதற்கு மேல் அவள் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பாதியில் குரல் உடைந்து காற்றாகப் போனது. மூச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் திட்டினாள். மச்சானுக்கு அதில் ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. என்றாலும், திட்டு தன்மேல் இல்லை என்று தெரிந்து, கடிகாரத்தைப் பார்த்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

அந்த உறை இன்னும் இருக்கிறது. ‘வீண்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, பிழை திருத்துபவர்கள் செய்வது போல ஓரத்தில் குறியும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறு பத்துக்கு அவள் சொன்னபடி பரணில் ஏறிச் சுருதிப் பெட்டியை இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தேன். அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, முதல் அடியை எடுத்தாள். குரல் உடைந்தது. நிறுத்தி மறுபடியும் எடுத்தாள். மீண்டும் உடைந்தது. பத்து நிமிடத்தைச் சரியாகக் கணக்குப் பார்ப்பதற்காக நான் கடிகாரத்தையும் டைரியையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். எத்தனையாவது எழுத்தில் உடைகிறது என்று குறித்தால் பின்னால் டாக்டரிடம் காட்ட உதவும் என்பது என் எண்ணம்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“பென்சிலக் கீழ வைங்க.”

வைத்தேன். அதனால் அன்றைய பக்கத்தில், ‘ஆறு பன்னிரண்டு. முதல் அடி, நான்காவது எழுத்தில்’ என்பதோடு வரி பாதியில் நிற்கிறது.